சிவப்புக் கோபுரமும் வெள்ளை வீடும்: லண்டன் ஆர்பிட் குறித்து ஒரு மதிப்புரை

கிழக்கு லண்டனில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஸ்ட்ராட்போர்டில் நிற்கும் அந்தச் சிவப்பு இரும்புச் சிக்கல் புதிதல்ல. இல்ஃபோர்ட் பக்கமிருந்து ரயிலில் நகரத்துக்குள் போகும்போது ஜன்னலில் அது வந்து போகும்; ஏறிப் பார்த்தவர்கள் என்னவோ குறைவு. 2012 ஒலிம்பிக் போட்டியை ஒட்டி எழுப்பப்பட்ட அதன் முழுப்பெயர் ஆர்செலர்மிட்டல் ஆர்பிட். உயரம் 114.5 மீட்டர். சிற்பி அனிஷ் கபூரும் இலங்கையில் பிறந்த கட்டமைப்பு வடிவமைப்பாளர் செசில் பால்மண்டும் சேர்ந்து வடிவமைத்தது. நானும் ஏழு ஆண்டுகள் அதைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, 2019 கோடை விடுமுறையில் அக்காவின் பதினொரு வயது மகன் சறுக்குக் குழாயில் போயே தீரவேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் முதன்முறையாக டிக்கெட் எடுத்து மேலே போனேன். பிறகு இரண்டு தடவை தனியாகவும் போயிருக்கிறேன். அந்த மூன்று வருகைகளையும் வைத்து எழுதும் மதிப்புரை இது. சுற்றுலா வழிகாட்டி எதிலும் காணக்கிடைக்காத ஒரு போஸ்னியச் சுரங்கத்தைப் பற்றியும் இதில் பேச வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் டிக்கெட்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் அடியில் கவிழ்த்து வைத்த மணி போன்ற, துருவேறிய எஃகாலான ஒரு பெரிய கூடாரம் இருக்கிறது. அதன் இருட்டுக்குள் நுழைந்துதான் லிப்டை அடைய வேண்டும். லிப்ட் 80 மீட்டர் உயரத்திலுள்ள மேல்தளத்தில் இறக்கிவிடும். அங்கே கபூரின் இரண்டு பெரிய குழியாடிகள். நாலு மீட்டர் கீழே இன்னொரு தளம். அங்கிருந்து தரைக்கு வர மூன்று வழிகள் உள்ளன: லிப்ட், 455 படிகள் கொண்ட சுழல் படிக்கட்டு, 2016-ல் கார்ஸ்டன் ஹோலர் வடிவமைத்துச் சேர்த்த 178 மீட்டர் நீளச் சறுக்குக் குழாய். குழாய் கோபுரத்தைப் பன்னிரண்டு முறை சுற்றிக்கொண்டு இறங்குகிறது. பயணம் ஏறத்தாழ 40 வினாடி. தலைக்கவசமும் முழங்கைப் பட்டைகளும் தந்து, ஒரு பாயில் கால்களை நுழைத்துப் படுக்கச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள். பையன் போனான், கீழே வந்து சேர்ந்தான், உடனே இன்னொரு முறை போக வேண்டும் என்றான். அவனளவில் மதிப்புரை அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்கு அப்படி முடியவில்லை. கல்லூரியில் தத்துவம் படித்த காலத்திலிருந்து விடாத ஒரு பழக்கம் இதற்குக் காரணம். ஜெர்மானியத் தத்துவவாதி ஹுசெர்ல் தொடங்கிவைத்த பினாமினாலஜி, தமிழில் தோற்றப்பாட்டியல் என்று வழங்குவது, ஒரு பயிற்சியை முன்வைக்கிறது. ஒரு பொருள் உண்மையில் எதனால் ஆனது, யாருடையது, எதற்கு உதவும் என்ற முன்முடிவுகளையெல்லாம் சற்று நேரம் அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டு, அது நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே விவரிக்க வேண்டும். கணிதம் படித்த ஹுசெர்லுக்கு அடைப்புக்குறி இயல்பாக வந்த உவமை. அடைப்புக்குறிக்குள் இட்டது அழிந்துவிடுவதில்லை, கணக்கில் தற்காலிகமாக ஒதுங்கி நிற்கிறது என்பது அதன் முக்கியமான பாதி. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த முறைப்படி பார்த்தால் ஆர்பிட் மிக நல்ல பொருள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மற்ற பக்கம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியாத கட்டடம் அது. ஈபிள் கோபுரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தவருக்கு மற்ற மூன்று பக்கங்களும் மனதுக்குள் வந்துவிடும். இதில் கண் ஒரு குழாயைப் பின்தொடர்ந்து மேலே போனால் அது வேறொன்றாகத் திரும்பிக் கீழே கொண்டுவந்து விடுகிறது. அறுபது அடி நடந்து போய்ப் பார்த்தால் சற்று முன் பார்த்த கோபுரம் காணாமல் போய் இன்னொன்று நிற்கிறது. பொருளை ஒருபோதும் முழுதாகக் காண்பதில்லை, ஒரு முகத்தைக் கண்டு மற்றவற்றை எதிர்பார்க்கிறோம் என்று ஹுசெர்ல் சொன்னதை வகுப்பறையில் விளக்குவதைக் காட்டிலும் இங்கே கூட்டிவந்து இரண்டு சுற்று நடக்கச் சொன்னால் போதும். உடலையே உலகை அறியும் இடமாகக் கொண்ட பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்திக்குச் சறுக்குக் குழாய் பிடித்திருக்கும். உள்ளே போன நாலாவது திருப்பத்தில் கிழக்கு, மேற்கு, மேல், கீழ் எதுவும் இருக்காது. முதுகுக்கடியில் எஃகுத் தகட்டின் இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவது மட்டுமே இருக்கும். படிக்கட்டில் இறங்கினால் லண்டனின் ஒலிகளை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே வரலாம். கூண்டு போன்ற கம்பி வலைக்குள் காற்று வீசும்போது அந்த ஒலிகளை விடக் காற்றே பெரிதாகக் கேட்கிறது. மூன்று வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

குழியாடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்றால் நாம் தலைகீழாகத் தெரிவோம். நெருங்க நெருங்க உருவம் கலங்கி, ஓரிடத்தில் கண்ணாடி முழுக்க நம் தோல் நிறமாகிவிடும். இன்னும் நெருங்கினால் நேராக, பெரிதாக நம் முகம். லண்டனைப் பார்க்க 80 மீட்டர் ஏறி வந்தவர்களில் பெரும்பாலானோர் ஜன்னலை விட இந்த ஆடிகளுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். நானும் நின்றேன்.

இனி அடைப்புக்குறியைத் திறக்கலாம். கோபுரத்தின் பெயரிலேயே ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டு எஃகு நிறுவனம் இருக்கிறது. 2009 ஜனவரியில் தாவோஸ் மாநாட்டில், மேலங்கிகளைக் கழற்றி மாட்டும் அறையில் அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் அந்த நிறுவனத்தின் தலைவர் லட்சுமி மிட்டலைச் சந்தித்து யோசனையைச் சொன்னார். பேச்சு 45 வினாடி நீடித்ததாகச் சொல்லப்படுகிறது. மொத்தச் செலவான 2 கோடியே 27 லட்சம் பவுண்டில் 1 கோடியே 96 லட்சத்தை நிறுவனம் ஏற்றது. சுமார் 2,000 டன் எஃகு. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் மறுசுழற்சி செய்யப்பட்டது. நிறுவனம் இயங்கும் எல்லாக் கண்டங்களிலிருந்தும் எஃகு வந்து சேர்ந்தது என்பது அப்போது பெருமையாகப் பேசப்பட்ட செய்தி.

அந்த நிறுவனம் இயங்கிய இடங்களில் ஒன்று ஓமார்ஸ்கா. வடமேற்கு போஸ்னியாவில் ப்ரியெடோர் நகராட்சிக்கு உட்பட்ட இரும்புத்தாதுச் சுரங்கம் அது. யூகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட போஸ்னியப் போரில், 1992 மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை போஸ்னிய செர்பியப் படையினர் அந்தச் சுரங்க வளாகத்தைத் தடுப்பு முகாமாக்கி, போஸ்னியாக் முஸ்லிம்களையும் குரோவேசியர்களையும் அடைத்துவைத்தார்கள். அங்கே அடைக்கப்பட்ட கைதிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று ஹேக் நகரிலிருந்த முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கண்டறிந்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். இடத்தின் அமைப்பு அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகை. நிர்வாகக் கட்டடம், அதன் கீழ்த்தளத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான உணவகம், மேல்தளத்தில் விசாரணை நடந்த அறைகள். இரண்டுக்கும் நடுவே 'பிஸ்டா' என்று கைதிகள் அழைத்த தார்த்தளம். ஓரத்தில் 'வெள்ளை வீடு', 'சிவப்பு வீடு' என்ற இரண்டு சிறு கட்டடங்கள். வெள்ளை வீடு ஒரே தளம் கொண்டது: நடுவில் ஒரு நடை, இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், நடையின் முடிவில் ஒரு சிற்றறை. அதற்குள் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை.

முகாமில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ப்ரியெடோர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நுஸ்ரெத்தா சிவாட்ஸ். பகலில் அந்தப் பெண்கள் உணவகத்தில் மற்றக் கைதிகளுக்கு உணவு பரிமாற வைக்கப்பட்டார்கள். இரவில், விசாரணைகள் நடந்த மேல்தள அறைகளில் இரத்தத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே படுத்தார்கள். சாப்பிட வரும் கைதிகளின் முகங்களைப் பார்த்துத்தான் நேற்று இருந்தவரில் இன்று யார் இல்லை என்பதை அவர்கள் அறிந்தார்கள். பாலியல் வன்முறை போர்க்குற்றமாக விசாரிக்கப்படப் பின்னாளில் சிவாட்ஸ் அளித்த சாட்சியமும் ஒரு காரணம்.

1992 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் செய்தியாளர்கள் உள்ளே விடப்பட்டு, மறுநாள் உலகம் அந்தக் காட்சிகளைக் கண்டது. அதே மாதத்தில் முகாம் மூடப்பட்டது. 1995 டிசம்பரில் டேட்டன் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. ப்ரியெடோர், ஸ்ர்ப்ஸ்கா குடியரசு என்ற செர்பியப் பெரும்பான்மைப் பகுதிக்குள் விழுந்தது. நின்றுபோன சுரங்கத்தை மீண்டும் ஓட்டப் பணமும் சந்தையும் வேண்டியிருந்தது. 2004-ல் மிட்டலின் நிறுவனம் சுரங்கத்தின் 51 சதவீதப் பங்கை வாங்கியது. ஜெனிட்சா நகரின் உருக்காலையும் அதே ஆண்டு அதன் கைக்கு வந்தது. ப்ரியெடோரின் தாது ஜெனிட்சாவின் உலைக்குப் போகும். போருக்குப் பிந்தைய மறுகட்டுமானம் என்று பொருளியலாளர்கள் சொல்வது இதைத்தான்: துருப்பிடித்துக் கிடந்த இயந்திரம் மறுபடி ஓடுகிறது, சம்பளப் பட்டியல் ஒன்று மறுபடி உருவாகிறது. வேலையற்று வாடிய பகுதியில் அது சிறிய காரியமில்லை. எஃகு முதலாளி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலில் யார் பெயர் இருந்தது? 1992-ல் இனத்தின் பெயரால் அந்தச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்கள் தங்கள் வேலையைத் திரும்பப் பெறவில்லை என்பதை 2006-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. பாகுபாடு புதிய முதலாளி வருவதற்கு முன்பே நடந்தது. அதன் விளைவோ பங்குகளோடு சேர்ந்தே கைமாறியது. நிறுவனம் ஒன்றை வாங்குகிறவர் அதன் கடன்களையும் வாங்குகிறார் என்பது கணக்கர்கள் அனைவரும் அறிந்த விதி. கணக்குப் புத்தகத்தில் ஏறாத கடன்களுக்கு அந்த விதி பொருந்துமா என்பதே இங்குள்ள கேள்வி.

நினைவிடத்தின் கதை அந்தக் கேள்விக்கான சோதனை. உயிர்பிழைத்தவர்கள் கேட்டது சுரங்கம் முழுவதையும் அல்ல; உற்பத்திக்குத் தேவைப்படாத வெள்ளை வீட்டையும் அதற்குப் போகும் வழியையும்தான். சோல் ஆப் யூரோப் என்ற பிரிட்டிஷ் அமைப்பு நடுநிலையாகப் பேச்சு நடத்தி, 2005 டிசம்பர் 1 அன்று நிறுவனம் தன் செலவில் நினைவிடம் அமைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. உள்ளூர் செர்பியத் தரப்பிலிருந்து, நகர மேயர் உள்பட, எதிர்ப்பு எழுந்தது. 2006 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பேச்சுவார்த்தை நடத்தப்பட்ட விதத்தில் உயிர்பிழைத்தவர்கள் சிலருக்கும் மனக்குறை இருந்தது, குறிப்பாக நாடு கடந்து வாழ்ந்தவர்களுக்கு. ஆகவே எல்லாப் பழியையும் ஒரே வாசலில் கொண்டுபோய்ப் போடுவது நியாயமாகாது. அதன்பின் நிறுவனத்தின் நிலைப்பாடு மாறவில்லை: உள்ளூர்ச் சமூகங்கள் தமக்குள் உடன்பட்டால் தடையில்லை, அதுவரை பக்கம் சாரமாட்டோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று உயிர்பிழைத்தவர்களும் இறந்தோரின் குடும்பத்தாரும் வளாகத்துக்குள் வந்து அஞ்சலி செலுத்திப் போக முடிந்தது. மற்ற நாட்களில் அது வேலை நடக்கும் சுரங்கம், அனுமதி வேண்டியிருந்தது.

பக்கம் சாராமை என்ற அந்தச் சொல்லைத்தான் நான் படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தத்துவவாதி தன் முன்முடிவை அடைப்புக்குறிக்குள் இடும்போது அதற்கான விலையை அவரே கொடுக்கிறார், வேண்டியபோது திறந்தும்விடுகிறார். நிலத்தின் உரிமையாளர் அந்த நிலத்தின் கடந்தகாலத்தை அடைப்புக்குறிக்குள் இட்டால், விலையைக் கொடுப்பவர் வாசலில் நின்று அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் மனிதர். வாசலின் சாவியைக் கையில் வைத்திருப்பவர் நடுநிலை வகிப்பதும், வழிப்போக்கர் ஒருவர் நடுநிலை வகிப்பதும் ஒன்றாகுமா? ஒரு தரப்பு நினைவிடம் வேண்டும் என்கிறது, மறு தரப்பு கூடாது என்கிறது; இருவரும் உடன்படும்வரை எதுவும் செய்யமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால், கூடாது என்றவர்கள் கேட்டது அப்படியே நடந்துவிடுகிறது. 2011-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற, வணிகத்துக்கான வழிகாட்டு நெறிகள், நிறுவனத்தின் பொறுப்பு அரசு தன் கடமையைச் செய்கிறதா இல்லையா என்பதைச் சார்ந்திருக்கவில்லை என்று தெளிவாகவே சொல்கின்றன. அந்த நெறிகள் நிறுவனம் சுரங்கத்தை வாங்கியதற்குப் பின்னால் வந்தவைதான். ஆனால் சுரங்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே கையில் இருந்தது.

இந்த இடத்தில் ஹுசெர்லை விடப் பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸ் உதவுகிறார். ஹுசெர்லிடம் பாடம் கேட்டவர். லிதுவேனியாவில் பிறந்த யூதர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பிடிபட்டு ஹனோவருக்கு அருகிலிருந்த ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். அந்தக் காலத்தில் லிதுவேனியாவிலிருந்த அவருடைய குடும்பம் கொல்லப்பட்டது. வேலைக்குப் போய்வரும் தங்களை ஊரார் மனிதராகவே பார்க்கவில்லை, முகாமுக்கு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாய் மட்டும் சில வாரங்கள் வாலையாட்டி வரவேற்றது, காவலர்கள் அதையும் விரட்டிவிட்டார்கள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்படிப்பட்டவர் தோற்றப்பாட்டியலின் தொடக்கப் புள்ளியை மாற்றினார். மற்றப் பொருள்கள் எனக்குத் தோன்றுகின்றன. பிறர் முகமோ என்னை நோக்கிப் பேசுகிறது, நான் சம்மதிப்பதற்கு முன்பே என்னிடம் ஒன்றைக் கோருகிறது என்றார். அறம் அங்கே தொடங்குகிறது. ஒப்பந்தம், சட்டம், உள்ளூர்ச் சம்மதம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பங்குதாரர்களால் ஆன நிறுவனத்துக்கு முகம் உண்டா, அது பிறர் முகத்தைக் காண முடியுமா என்று கேட்கலாம். அந்தச் சிக்கலை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். வாசலுக்கு வந்து நிற்பவர்களுக்கு முகம் உண்டு என்பது வரை ஐயமில்லை.

2012 ஜூலை 2 அன்று, ஒலிம்பிக் தொடங்க மூன்றரை வாரம் இருக்கும்போது, உயிர்பிழைத்தவர்களும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் கூடி, சொந்த மண்ணில் கிடைக்காத நினைவிடத்துக்குப் பதிலாக ஆர்பிட்டையே ஓமார்ஸ்காவின் 'நாடுகடந்த நினைவிடம்' என்று அறிவித்தார்கள். ஓமார்ஸ்காவின் இரும்பும் இந்தக் கோபுரத்தில் கலந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தத் தாது இதில் பயன்படுத்தப்படவில்லை என்று நிறுவனம் மறுத்தது. உருக்கிய இரும்பு தன் ஊரைச் சொல்லாது. சாயம் பூசிய குழாயைத் தொட்டுப் பார்த்து ஒரு பார்வையாளர் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. என் மதிப்பீட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை. தாது வந்ததோ இல்லையோ, பெயர் ஒன்றுதான். 45 வினாடிப் பேச்சில் ஒரு நகரத்துக்குக் கோபுரம் தர முடிந்த அதே பெயர், நாலைந்து அறை கொண்ட ஒரு வீட்டை விட்டுத்தர வருடக்கணக்கில் சம்மதம் கேட்டு நின்றது. நான் எந்த நாட்டிலிருந்து, எந்தப் போருக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தேன் என்று இங்கே விரிக்கப் போவதில்லை. விரித்தால் மதிப்புரை வேறு திசைக்குப் போய்விடும்.

பொறியியலாகவும் உடல் அனுபவமாகவும் ஆர்பிட் கொடுத்த காசுக்குத் தகுந்தது; சிற்பமாகப் பலர் சொல்வதை விட நன்றாகவே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கொடையாகப் பார்த்தால் பாதி மட்டுமே கட்டப்பட்ட கோபுரம் என்பது என் கருத்து. மீதிப் பாதி நிற்க வேண்டிய இடம் ஸ்ட்ராட்போர்ட் இல்லை. 2025 ஜூனில் நிறுவனம் தன் போஸ்னியத் தொழில்களை விற்க ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. சுரங்கத்தின் சாவி இன்னொரு கைக்கு மாறும் ஏற்பாடு அது.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஸ்ட்ராட்போர்ட் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்; புட்டிங் மில் லேன் நிலையமும் அருகில்தான். சறுக்குக் குழாய்க்கு எட்டு வயதும் 1.3 மீட்டர் உயரமும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். புறப்படும் முன் இயக்க நேரத்தையும் விதிகளையும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. முழங்கால் இடம்கொடுத்தால் படியில் இறங்குங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் இங்கே பள்ளி விடுமுறை, குழந்தைகள் கூட்டம் அதிகம். 6-ஆம் தேதி போவதென்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.